மெர்ஜுக்கு மார்க் போடாதீங்க: ஓப்பன் சோர்ஸ் பாடம் எடுக்கிற வாத்தியார் ஒருத்தரோட அனுபவம்

"சார், நாளைக்கு காலைல சப்மிஷன், என் பிஆரை மட்டும் கொஞ்சம் மெர்ஜ் பண்ணி விட்ருங்க ப்ளீஸ்." செமஸ்டர் முடியுற சமயத்துல இந்த மாதிரி மெசேஜ் எனக்கு வரிசையா வரும். பிஆர்னா புல் ரிக்வெஸ்ட், என் மாத்தத்தை உங்க ப்ராஜெக்ட்ல சேத்துக்கங்கன்னு அனுப்புற கோரிக்கை, அதை ஏத்துச் சேக்கிறதுதான் மெர்ஜ். என் ஸ்டூடன்ட்ஸ் கிட்டருந்து இல்ல, எங்கயோ இருக்கிற, நான் மூஞ்சியே பாக்காத வேற காலேஜ் பசங்க கிட்டருந்து. நான் பகல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிற வாத்தியார், ராத்திரி உக்காந்து ஒரு சின்ன பைத்தான் லைப்ரரியை மெயின்டெய்ன் பண்றவன், அதாவது வர்ற பிஆரைப் பாத்து ஏத்துக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற மெயின்டெய்னர், அதனால ஓப்பன் சோர்ஸ் (சாஃப்ட்வேரோட கோடை யாரும் பாத்து, மாத்தி, பகிரலாம்ங்கிற முறை) கோர்ஸ்னு ஒண்ணு நடந்தா அது ரெண்டு பக்கத்துலருந்தும் எப்படி இருக்கும்னு ஓரளவு தெரியும். அந்த பிஆரைத் திறந்து பாத்தா ரீட்மி ஃபைல்ல (ப்ராஜெக்டோட அறிமுகக் குறிப்பு) ஒரு கமா சேர்த்திருப்பாங்க, இல்லைன்னா ஒரு வேரியபிள் பேரை மாத்தியிருப்பாங்க, இல்லைன்னா கோடோட இடைவெளியை ஒழுங்குபடுத்துற ஃபார்மேட்டரை ஓடவிட்டு கண்ணுல பட்ட ஃபைல் எல்லாத்தையும் தொட்டிருப்பாங்க. பசங்களைத் திட்டி பிரயோஜனம் இல்லைங்க. அங்க யாரோ "ஒரு பிஆர் மெர்ஜ் ஆனா இவ்வளவு மார்க்"னு ரூல் போட்டிருக்காங்க, அந்த ரூலுக்கு எது சுலபமோ அதைப் பசங்க பண்றாங்க.

அதனால ஓப்பன் சோர்ஸை பாடமா எடுக்கலாமான்னு யார் வந்து கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான், மெர்ஜுக்கு மார்க் கிடையாதுன்னு சிலபஸ்லயே எழுதிடுங்க. மெர்ஜ் ஆகுறதும் ஆகாததும் ஸ்டூடன்ட் கையில இல்ல. மெயின்டெய்னர் ஊர்ல இல்லாம இருப்பாரு, ரிலீஸ் வர்ற நேரம்னு கோட்ல மாத்தம் எதுவும் எடுக்காம நிறுத்தி வச்சிருப்பாங்க, இல்ல அந்த ஃபீச்சரே இந்த ப்ராஜெக்டுக்கு வேண்டாம்னு நினைப்பாங்க, நினைக்கிறதுக்கு அவங்களுக்கு முழு உரிமை இருக்கு. அதுக்கும் மேல, அந்த ஆளு பெரும்பாலும் ஒரு பைசா சம்பளம் வாங்காம வேலை முடிஞ்சு வந்து இதைப் பாத்துட்டு இருக்கிறவரு. நம்ம கிளாஸ் பேப்பரைத் திருத்தித் தர்றேன்னு அவரு எங்கயும் கையெழுத்துப் போடல.

ஹேக்டோபர்ஃபெஸ்ட் கதையை நிறைய பேர் மறந்துட்டாங்க. டிஜிட்டல்ஓஷன்ங்கிற கிளவுட் கம்பெனி 2014ல ஆரம்பிச்சது, அக்டோபர் மாசத்துல இத்தனை பிஆர் போட்டா ஒரு டீ-ஷர்ட்னு. நல்ல எண்ணம்தான், நிறைய பேர் உள்ள வந்தாங்க. ஆனா 2020ல என்னாச்சு, டீ-ஷர்ட்டுக்காக ரீட்மி தலைப்புல ஒரு வார்த்தையைச் சேத்து ஆயிரக்கணக்குல குப்பை பிஆர் குவிஞ்சு, மெயின்டெய்னர்ஸ் எல்லாம் கொதிச்சுப் போய், அந்த மாசம் ஆரம்பிச்ச சில நாள்லயே ரூலை மாத்தினாங்க, நாங்க கலந்துக்கிறோம்னு தானா சொன்ன ரெப்போவுக்கு, அதாவது ப்ராஜெக்ட் கோட் இருக்கிற இடத்துக்கு, போட்டா மட்டும்தான் கணக்குன்னு. மார்க்கும் டீ-ஷர்ட்டும் இந்த விஷயத்துல ஒண்ணுதான், என்ன, மார்க்குக்கு பயம் ஜாஸ்தி.

முதல் கிளாஸ்ல நான் இன்னொரு சம்பவமும் சொல்லுவேன். மினசோட்டா யுனிவர்சிட்டில ரெண்டு பேர், பாதுகாப்பு ஓட்டை இருக்கிற பேட்சை (கோட் மாத்தத்தை) வேணும்னே அனுப்பினா ரிவ்யூ பண்றவங்க கண்டுபிடிக்கிறாங்களான்னு பாக்க லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்கு அனுப்பி, அதை ஆராய்ச்சிப் பேப்பரா எழுதினாங்க. 2021 ஏப்ரல்ல இது பெருசாகி, கெர்னல் மெயின்டெய்னர்கள்ல ஒருத்தரான கிரெக் க்ரோ-ஹார்ட்மேன் அந்த யுனிவர்சிட்டிலருந்து வர்ற எதையும் எடுக்கப் போறதில்லைன்னு அறிவிச்சாரு, பேப்பரை வாபஸ் வாங்கினாங்க. இதைச் சொன்னதும் பசங்க முகத்துல ஒரு அதிர்ச்சி தெரியும், "ரெண்டு பேர் பண்ணதுக்கு மொத்த யுனிவர்சிட்டிக்கும் தடையா"ன்னு ஒரு சண்டை நடக்கும் கிளாஸ்ல, நடக்கட்டும்னு விட்ருவேன். இதுல தெரிய வேண்டியது ஒண்ணுதான், நீ அனுப்புற ஒவ்வொண்ணையும் அந்தப் பக்கம் ஒரு மனுஷன் உக்காந்து படிக்கிறான், உன் காலேஜ் மெயில் ஐடி அதுல ஒட்டிக்கிட்டுப் போகுது.

சரி, மெர்ஜ் இல்லைன்னா வேற என்னத்தைச் சொல்லிக்குடுக்கிறது? படிக்கிறதை. நம்ம கம்ப்யூட்டிங் பாடத்திட்டம் மொத்தமும் காலி ஃபைல்லருந்து ஆரம்பிக்குது. லிங்க்டு லிஸ்ட் எழுது, லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் எழுது, சப்மிட் பண்ணு, தூக்கிப் போடு. நாலு வருஷம் படிச்சு முடிச்சவன் அடுத்தவன் எழுதின ஐயாயிரம் லைன் கோடை ஒரு தடவை கூட உக்காந்து படிச்சிருக்க மாட்டான், வேலைக்குப் போன முதல் நாள்லருந்து அவனுக்கு அதுதான் வேலை. ஓப்பன் சோர்ஸை காலேஜுக்குள்ள கொண்டு வர்றதுக்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய காரணம், ரெஸ்யூமே, கிட்ஹப் ப்ரொஃபைல்ல வர்ற பச்சைக் கட்டம் எல்லாம் அப்புறம்.

அதனால என் கோர்ஸ்ல முதல் சில வாரம் யாரும் கோட் எழுதக் கூடாது. எடுத்த ப்ராஜெக்டை தன் லேப்டாப்ல பில்ட் பண்ணி (கோடை ஓடுற நிலைக்குக் கொண்டு வந்து) டெஸ்ட் எல்லாம் ஓட வைக்கணும், அதுவே அசைன்மென்ட். கேக்க சப்புன்னு இருக்கும், நடக்கும்போது பாருங்க. ஒருத்தனுக்கு பைத்தான் வெர்ஷன் ஒத்து வராது, இன்னொருத்தனுக்கு ஏதோ ஒரு ஹெடர் ஃபைல் இல்லன்னு கத்தும், விண்டோஸ்ல லைன் எண்டிங் பிரச்சனை. ஒரு பையனுக்கு மட்டும் பில்ட் ஸ்கிரிப்ட் பாதியில நின்னுக்கிட்டே இருந்துச்சு, மத்த எல்லாருக்கும் ஓடுது. கடைசில பாத்தா அவன் ஃபோல்டர் பேர்ல ஒரு ஸ்பேஸ் இருந்திருக்கு, ஷெல் ஸ்கிரிப்ட்ல வேரியபிளைச் சுத்தி கொட்டேஷன் போடாம விட்ருந்தாங்க, அதனால ஒரே பாத் (ஃபோல்டர் இருக்கிற முகவரி) ரெண்டா உடைஞ்சு போச்சு. அவனோட முதல் பிஆர் அந்த ரெண்டு கொட்டேஷன் குறிதான். ரெண்டு எழுத்து மாத்தம், ஆனா ஏன் உடையுது, எப்படிப் பண்ணா திரும்ப உடையும்னு கீழ தெளிவா எழுதியிருந்தான். ரீட்மி கமாவுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க, சைஸ்ல ரெண்டும் ஒண்ணுதான்.

இதுக்கு எல்லாரும் ஒரு டைரி மாதிரி லாக் எழுதணும், எந்தக் கமாண்டைப் போட்டேன், என்ன எரர் வந்துச்சு, எதைத் தேடினேன், எது வேலை செஞ்சுது. எரர் மெசேஜை ஸ்கிரீன்ஷாட்டா போட்டா நான் வாங்க மாட்டேன், டெக்ஸ்டா காப்பி பண்ணணும், ஏன்னா ஸ்கிரீன்ஷாட்டைத் தேட முடியாது, உதவி பண்ண வர்றவங்க அதுலருந்து ஒரு லைனைக் கூட எடுக்க முடியாது. சின்ன விஷயம்தான், ஆனா இதை ஒரு பழக்கமா ஆக்குறதுக்குள்ள பாதி செமஸ்டர் போயிடும்.

ப்ராஜெக்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுங்கிறதுதான் கோர்ஸோட தலையெழுத்தையே முடிவு பண்ணும், இதுல நேரம் செலவழிங்க. பசங்களை விட்டா லினக்ஸ் கெர்னல், ஃபயர்பாக்ஸ், விஎஸ் கோட்னுதான் சொல்லுவாங்க, பேர் தெரிஞ்சதால. பெரிய ப்ராஜெக்ட்ல பில்ட் ஆகவே அரை நாள் ஆகும், ரிவ்யூ விதிகள் ஒரு புத்தகம் அளவு இருக்கும். டொரன்டோல செனிகா காலேஜ் மோசில்லா கூட சேர்ந்து வருஷக்கணக்கா பாடம் நடத்தியிருக்காங்க, நல்லாவே நடந்துச்சு, ஆனா அங்க வாத்தியாருங்களே அந்த கம்யூனிட்டிக்குள்ள ஆளா இருந்தாங்க, யாரைக் கேக்கணும் எப்பக் கேக்கணும்னு தெரிஞ்சவங்க. ரெட் ஹேட் 2009ல போஸ்ஸிங்கிற பயிற்சியை ஆரம்பிச்சப்பவும் ஸ்டூடன்ட்ஸைக் கூப்பிடல, ப்ரொஃபஸர்களைத்தான் கூப்பிட்டாங்க, முதல்ல நீங்க உள்ள போய்ப் பழகுங்க அப்புறம் பசங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு. அந்த வரிசைதான் சரின்னு நான் நினைக்கிறேன். தானே ஒரு பிஆர் போட்டு ரிவ்யூ வாங்காத வாத்தியார் இந்தக் கோர்ஸை எடுக்கவே கூடாது, கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

நான் ஒரு ரெப்போவைத் திறந்தா ஸ்டார் (லைக் மாதிரி) எண்ணிக்கையைப் பாக்கவே மாட்டேன். கடைசி ஒரு மாசத்துல கமிட் (பதிவு பண்ண மாத்தம்) வந்திருக்கா, வெளி ஆள் போட்ட பிஆருக்கு முதல் பதில் எத்தனை நாள்ல வந்திருக்கு, அந்தப் பதில் எந்த தொனில இருக்கு, மெர்ஜ் பண்ற அதிகாரம் ஒரே ஆள்கிட்ட இருக்கா இல்ல ரெண்டு மூணு பேர்கிட்ட இருக்கா, பழைய லேப்டாப்ல ஒரு மணி நேரத்துக்குள்ள பில்ட் ஆகுமா, பிஆர் போட்டா டெஸ்ட் தானா ஓடுதா. இதுல தொனி ரொம்ப முக்கியம். மூடின பிஆர் ஒரு பத்தை எடுத்துப் படிச்சாலே தெரிஞ்சிரும், வேண்டாம்னு சொல்லும்போது காரணம் சொல்றாங்களா, இல்ல ஒரு வார்த்தை கூட இல்லாம மூடிடறாங்களான்னு.

புது ஆளுங்களுக்கு ஏத்த சின்ன வேலைன்னு ஒட்டுற "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" லேபிளை நம்பி ஒரு கிளாஸையே இறக்கி விடாதீங்க. அந்த லேபிள் ஒட்டின அரை மணி நேரத்துல பத்து பேர் "ப்ளீஸ் அசைன் டு மீ"ன்னு வரிசையில நிப்பாங்க, அதுல ஒன்பது பேர் திரும்பி வரவே மாட்டாங்க, எடுத்தவனும் பாதியில விட்டுட்டுப் போயிடுவான். நான் பசங்க கிட்ட சொல்றது, அந்த சாஃப்ட்வேரை முதல்ல நீ யூஸ் பண்ணு, நிஜமா யூஸ் பண்ணு, உனக்கு எது எரிச்சலா இருக்கோ அதை எழுதி வை. உனக்கு வந்த எரிச்சலை வரிசைல நின்னு வேற எவனும் தூக்கிட்டுப் போக முடியாது.

அப்புறம் அனுமதி. கிளாஸை அனுப்புறதுக்கு முன்னாடி மெயின்டெய்னருக்கு நான் ஒரு மெயில் போட்ருவேன். இத்தனை பேர் வர்றாங்க, இந்தத் தேதிலருந்து இந்தத் தேதி வரைக்கும், வெளிய வர்ற ஒவ்வொரு பிஆரையும் கிளாஸுக்குள்ள ஒருத்தர் ரிவ்யூ பண்ணின பிறகுதான் அனுப்புவோம், மெர்ஜ் பண்ணணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, தொந்தரவா இருந்தா எனக்கு ஒரு வரி போதும் நிறுத்திடறேன். சில பேர் வேண்டாம்னு சொல்லுவாங்க, நன்றின்னு சொல்லிட்டு வந்துரணும். ஒருத்தர் எழுதின பதில் என் கோர்ஸையே மாத்துச்சு. புது ஃபீச்சர் எதுவும் வேண்டாம், பழைய பக் ரிப்போர்ட் நிறைய கிடக்கு, அது இன்னும் வருதா இல்லையான்னு பாத்துச் சொல்ல ஆள் இல்ல, அதைச் செய்வாங்களான்னு கேட்டாரு.

செஞ்சாங்க, அதைவிட நல்ல அசைன்மென்ட் இதுவரைக்கும் எனக்கு அமையல. பழைய பக் ரிப்போர்ட் ஒண்ணை எடுத்து, இப்ப இருக்கிற வெர்ஷன்ல அது வருதான்னு ஓட்டிப் பாக்கணும், வரலைன்னா எந்த வெர்ஷன்ல சரியாச்சுன்னு சொல்லணும், வந்தா அதை எவ்வளவு சின்ன உதாரணமா சுருக்க முடியுமோ சுருக்கிக் காட்டணும், எந்த கமிட்ல உள்ள நுழைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கணும். இதுக்குத்தான் கிட் பைசெக்ட். கிட்ங்கிறது கோட் மாத்தங்களைப் பதிவு வைக்கிற கருவி, அதுல ஒரு கமாண்ட் இது. நல்லா இருந்த கமிட் ஒண்ணு, கெட்டுப் போன கமிட் ஒண்ணு காட்டினா, அது நடுவுல போய் நிக்கும், நீ டெஸ்ட் பண்ணிச் சொல்லணும், பாதிப் பாதியா குறையும். நடுவுல ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமாரா பத்து தடவைல ஆளைப் பிடிச்சிரலாம். பைனரி சர்ச்சை முதல் வருஷம் மனப்பாடம் பண்ணி எக்ஸாம்ல எழுதினவன், இங்கதான் முதல் தடவை "அட இது இதுக்கா"ன்னு சொல்லுவான். அந்தக் குரலைக் கேக்கிறதுக்காகவே இந்த அசைன்மென்டை வருஷா வருஷம் வைக்கிறேன்.

ஒரு பொண்ணோட வேலையை மட்டும் விரிவா சொல்லணும், ஏன்னா மார்க்கை எதுக்குப் போடணும்னு கேக்கிறவங்களுக்கு நான் காட்டுறது அதைத்தான். அவ எடுத்தது ஒரு நோட்ஸ் ஆப். தமிழ்லதான் அதுல குறிப்பு எழுதி வைப்பா. சில தலைப்புகளைத் தேடினா வரல, கண்ணுக்கு முன்னாடி லிஸ்ட்ல "கோடை"ன்னு இருக்கு, தேடல்ல "கோடை"ன்னு அடிச்சா ஒண்ணுமில்லங்குது. நோண்டிப் பாத்தா, எழுத்துக்கெல்லாம் கோட் பாயின்ட்ங்கிற நம்பர் குடுக்கிற யூனிகோட்ல கோங்கிற எழுத்தை ரெண்டு விதமா எழுதலாம். ககரத்துக்கு அடுத்து ஓகாரக் குறியை ஒரே கோட் பாயின்டா வைக்கலாம், இல்லைன்னா ஏகாரத்தோட இரட்டைச் சுழிக் கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு ரெண்டு கோட் பாயின்டா பிரிச்சு வைக்கலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. பழைய மேக் ஃபைல் சிஸ்டம் ஃபைல் பேர்களைப் பிரிச்சுத்தான் வைக்கும், அவ குறிப்புகள்ல பாதி அந்த மாதிரி ஒரு டிஸ்க்லருந்து இம்போர்ட் ஆனது, ஃபைல் பேரே தலைப்பா வந்திருக்கு. கீபோர்ட்ல அடிச்சா ஒரே கோட் பாயின்ட், லிஸ்ட்ல இருக்கிறது ரெண்டு, எப்படிக் கிடைக்கும்?

சரி பண்றது ஒரே ஒரு லைன், ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் நார்மலைஸ் பண்ணிட்டா, அதாவது ஒரே வடிவத்துக்கு மாத்திட்டா போதும். நார்மலைஸ் பண்றதுல சில வகை இருக்கு, அவ எங்கயோ பாத்து என்எஃப்கேசிங்கிற வகையைப் போட்டு அனுப்பியிருந்தா. மெயின்டெய்னர் கேட்ட முதல் கேள்வி, ஏன் என்எஃப்கேசி, ஏன் என்எஃப்சி இல்ல? அவளுக்குத் தெரியல. தெரியலன்னே எழுதினா, பாத்துட்டு வர்றேன்னு சொன்னா. ரெண்டு நாள் கழிச்சு அவ எழுதின பதிலை இன்னமும் கிளாஸ்ல ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டுறேன். என்எஃப்கேசி போட்டா மீட்டர் ஸ்கொயர்ல மேல வர்ற குட்டி ரெண்டு சாதாரண ரெண்டா மாறிடும், அப்ப சில பேரோட குறிப்புல தேடல் முடிவு தப்பா வரும், நமக்கு வேண்டியது எழுத்து மாறாம வடிவம் மட்டும் ஒண்ணாகுறது, அதனால என்எஃப்சி போதும்னு, ரெண்டுக்கும் டெஸ்ட் கேஸ் எழுதிக் காட்டியிருந்தா. அடுத்த கேள்வி வந்துச்சு, ஒவ்வொரு தடவை தேடும்போதும் எல்லாக் குறிப்பையும் நார்மலைஸ் பண்ணா பத்தாயிரம் குறிப்பு வச்சிருக்கிறவனுக்கு என்னாகும்? அப்ப சேமிக்கும்போதே பண்ணணும், அப்படின்னா ஏற்கனவே சேமிச்சு வச்சிருக்கிறவங்களோட இன்டெக்ஸை, அதாவது தேடுறதுக்கான அட்டவணையை, என்ன செய்யறது? பேச்சு போய்க்கிட்டே இருந்துச்சு. கடைசில மெயின்டெய்னர், இதை அடுத்த பெரிய வெர்ஷன்ல இன்டெக்ஸை மொத்தமா மாத்தும்போதுதான் செய்ய முடியும், இந்த பிஆரை மூடுறேன், உன் டெஸ்டுகளை மட்டும் எடுத்துக்கிறேன்னு மூடிட்டாரு. ரிசல்ட் வந்து ரொம்ப நாள் கழிச்சு அவரே எழுதின கமிட்ல கோ-ஆதர் (கூட எழுதினவர்) வரியில அவ பேரைப் போட்டிருந்தாரு, அது வேற விஷயம்.

மெர்ஜ் கணக்குப்படி பாத்தா அவளுக்கு பூஜ்யம். அந்த கிளாஸ்ல அவளுக்குத்தான் நான் அதிக மார்க் போட்டேன், டிபார்ட்மென்ட்ல கேள்வி வந்துச்சு, லிங்க்கை அனுப்பினேன், படிச்சவங்க அப்புறம் கேக்கல.

இதுல இன்னொண்ணு, "தெரியல, பாத்துட்டு வர்றேன்"னு எழுதுறதுக்கு நம்ம பசங்களுக்குப் பெரிய தயக்கம் இருக்கு. ரிவ்யூவை வைவா மாதிரி நினைச்சுக்கிறாங்க. ஒரு கமென்ட் வந்தா ஒண்ணு பயந்து போய் "சாரி சார், வில் சேஞ்ச் சார்"னு எதையாவது மாத்திடுவாங்க, இல்ல அவமானமா எடுத்துக்கிட்டு காணாமப் போயிடுவாங்க. ரிவ்யூவர் கேள்வி கேட்டா அது நிஜமாவே கேள்விதான், "நான் இப்படி யோசிச்சேன், உங்களுக்கு எது சரின்னு படுது"ன்னு திருப்பிக் கேக்கலாம், மறுத்தும் பேசலாம். இதைச் சொன்னா புரியாது, பழக்கணும். அதனால வெளிய போறதுக்கு முன்னாடி கிளாஸுக்குள்ளயே ஒருத்தர் பிஆரை இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணணும், "நல்லா இருக்கு"ன்னு மட்டும் எழுதினா அந்த ரிவ்யூவுக்கு மார்க் இல்ல, ஒரு கேள்வியாவது கேட்டிருக்கணும். முதல் வாரம் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் மாறி மாறி புகழ்ந்துக்குவாங்க, அதனால ஜோடியை நான்தான் பிரிச்சுப் போடுவேன்.

பதில் வராத மௌனத்தையும் முன்னாடியே சொல்லிடணும். ஒரு வாரம் பொறு, ஒரு தடவை மரியாதையா ஞாபகப்படுத்து, அதுக்கும் வரலைன்னா அடுத்த வேலையைப் பாரு. மெயின்டெய்னரோட பர்சனல் மெயிலுக்கோ சோஷியல் மீடியாவுக்கோ போய் தட்டாதே. இங்க நான் எக்ஸ்இசட் கதையைச் சொல்லுவேன். லினக்ஸ்ல ஃபைலைச் சுருக்குற கம்ப்ரஷனுக்கு எல்லா இடத்துலயும் இருக்கிற லைப்ரரி அது, கிட்டத்தட்ட ஒரே ஆள் பாத்துட்டு இருந்தாரு, சோர்ந்து போயிருந்தாரு, அந்த நேரம் பாத்து யாருன்னே தெரியாத ஐடிங்க மெயிலிங் லிஸ்ட்ல வந்து ஏன் லேட்டு, வேற ஆள்கிட்ட குடுங்கன்னு நெருக்க, நல்லவன் மாதிரி உதவி பண்ணிட்டு இருந்த ஒருத்தன் கைக்கு அதிகாரம் போய், அவன் திருட்டுத்தனமா உள்ள நுழையற பின்வாசல் ஒண்ணை உள்ள வச்சுட்டான். 2024 மார்ச்ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடிச்சாரு, அதுவும் எப்படி, தூரத்துக் கம்ப்யூட்டருக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் லாகின் சுமாரா அரை செகண்ட் லேட்டாகுது, ஏன்னு நோண்டினதுல. அரை செகண்டை ஒரு மனுஷன் விடாம நோண்டினான்ங்கிறதுல பசங்க கிறங்கிப் போயிடுவாங்க. நான் முன்பாதியைத்தான் திரும்பச் சொல்லுவேன், அந்த நெருக்கடியை.

கிட்டைப் பத்தி அதிகம் சொல்ல வேணாம், ஏன்னா எல்லாரும் கோர்ஸையே கிட் கோர்ஸா மாத்திடறாங்க. கமாண்ட் லிஸ்ட் குடுத்து மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. கமிட்னா அந்த நேரத்து மொத்த நிலை, பிரான்ச்னா ஒரு கமிட்டைக் காட்டுற பேர், இந்த ரெண்டும் மண்டைல ஏறிட்டா மிச்சம் தானா வரும். ரெண்டு பேர் மாத்தம் மோதுற கான்ஃப்ளிக்டை மட்டும் வேணும்னே கிளாஸ்ல உருவாக்குங்க, எல்லாரையும் ஒரே லைனை மாத்த வச்சு, பதறாம பிரிக்கிறதுக்குப் பழக்குங்க. கமிட் மெசேஜ்ல என்ன மாத்தினேன்ங்கிறது பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் காட்டுற டிஃப்லயே தெரியும், ஏன் மாத்தினேன்னு எழுதுன்னு சொல்லுங்க, அதோட ஒவ்வொரு லைனையும் யார் எப்ப மாத்தினாங்கன்னு காட்டுற கிட் பிளேம் போட்டு பழைய லைன் ஒண்ணு ஏன் அப்படி இருக்குன்னு தேட வையுங்க, நல்ல மெசேஜ் எழுதினவனுக்கு மனசுக்குள்ள நன்றி சொல்லும்போது தானும் எழுத ஆரம்பிப்பான். 2005ல, லினக்ஸ் கெர்னலுக்கு அதுவரைக்கும் யூஸ் பண்ண பிட்கீப்பர் கருவியோட இலவச லைசென்ஸை எடுத்ததால லினக்ஸை ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதின கதை கேக்க சுவாரஸ்யமா இருக்கும், ஆனா அது அஞ்சு நிமிஷம், ஒரு பீரியட் இல்ல.

லைசென்ஸுக்கு ஒரு கிளாஸ் போதும். ரெப்போ பப்ளிக்கா இருந்தா ஓப்பன் சோர்ஸ்னு பாதிப் பேர் நினைக்கிறாங்க, லைசென்ஸ் ஃபைல் இல்லைன்னா காப்பிரைட் எழுதினவன் கிட்டயேதான் இருக்கு, நீ எடுத்து மாத்தி வெளியிட முடியாது. ஜிபிஎல், எம்ஐடிங்கிற ரெண்டு லைசென்ஸுக்கும் என்ன வித்தியாசம், கேள்வி-பதில் சைட்டான ஸ்டாக் ஓவர்ஃப்ளோல இருக்கிற கோட் கிரியேட்டிவ் காமன்ஸ் ஷேர்அலைக் (மாத்தி வெளியிட்டாலும் அதே லைசென்ஸ்லதான் வெளியிடணும்ங்கிற) லைசென்ஸ்ல இருக்குன்னா அதை அப்படியே ஒட்டி அனுப்பினா என்ன சிக்கல், கமிட்ல கையெழுத்து மாதிரி சைன்ட்-ஆஃப்-பை வரி போட்டா எதுக்கு உறுதி குடுக்கிறோம். வாத்தியாருங்க பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஸ்டூடன்ட் எழுதுற கோட் யாருக்குச் சொந்தம்னு உங்க காலேஜ் விதில என்ன இருக்குன்னு கோர்ஸுக்கு முன்னாடி படிச்சிருங்க.

ஏஐ பத்திக் கேக்காம யாரும் விட மாட்டாங்க. நெட் வழியா டேட்டா அனுப்பி வாங்குற கர்ல் ப்ராஜெக்டோட டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதித் தர்ற இல்லாத பாதுகாப்பு ஓட்டை ரிப்போர்ட்டுங்களால நேரம் எப்படி வீணாகுதுன்னு 2024லருந்தே வெளிப்படையா எழுதிட்டு இருக்காரு. லினக்ஸ் வகைகள்ல ஒண்ணான ஜென்டூ அதே வருஷம் ஏஐ எழுதின பங்களிப்பு வேண்டாம்னே முடிவு எடுத்தாங்க. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் விதி வேற, அதை முதல்ல படிக்கணும். என் கிளாஸ்ல, தெரியாத கோடைப் புரிஞ்சுக்க ஏஐகிட்ட கேட்டுக்கலாம், தடை இல்ல, ஆனா வெளிய போற ஒவ்வொரு லைனையும் என் எதிர்ல உக்காந்து பேப்பர்ல விளக்கணும், விளக்க முடியாத லைன் இருந்தா பிஆர் போகாது. மெயின்டெய்னருக்கு எழுதுற பதிலை ஏஐ எழுதவே கூடாது, அதுல மட்டும் நான் ஸ்ட்ரிக்ட். இங்கிலீஷ் தப்பா இருந்தா இருக்கட்டும்டா, அவங்களுக்குப் புரியும், உலகத்துல நிறைய மெயின்டெய்னர்ஸ்க்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்ல.

மார்க் பிரிக்கிறதை சுருக்கமா சொல்லிடறேன். பில்ட் லாக், பக் ரிப்போர்ட் வேலை, கிளாஸுக்குள்ள பண்ண ரிவ்யூ, வெளிய நடந்த உரையாடல், கடைசி வைவா, இவ்வளவுதான். எல்லாத்துக்கும் லிங்க் இருக்கும், அதனால மார்க் சண்டை கம்மி. வெளிய நடந்த உரையாடல்ல பிஆர் மூடப்பட்டுச்சா திறந்திருக்கான்னு பாக்க மாட்டேன், கேள்விக்கு என்ன பதில் சொன்னான், பதிலுக்கு முன்னாடி என்ன படிச்சான்னுதான் பாப்பேன். தன் நிஜப் பேர்ல பப்ளிக்கா இருக்க விரும்பாத ஸ்டூடன்ட் ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க, காரணம் கேக்காதீங்க, புனைப்பேர்ல அக்கவுன்ட் வச்சுக்கலாம்னு விட்ருங்க. கோட் எழுத வேண்டாம், டாக்குமென்டேஷன் பண்றேன்னு சொன்னா தாராளமா, ஆனா அந்தக் குறிப்பைப் பாத்து முன்பின் தெரியாத ஒருத்தன் இன்ஸ்டால் பண்ணிக் காட்டணும், அதுதான் டெஸ்ட்.

தேதி ஒண்ணு முக்கியம். வெளிய போற கடைசி பிஆருக்கு செமஸ்டர் முடியுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கதவை மூடிடுங்க. அதுக்கப்புறம் புதுசா எதுவும் அனுப்பக் கூடாது, வந்த ரிவ்யூவுக்குப் பதில் மட்டும்தான். ஆரம்பத்துல பசங்க முணுமுணுப்பாங்க. கடைசி நாள் ராத்திரி யாரோட இன்பாக்ஸும் நம்மளால நிறையாது, அது போதும் எனக்கு.

கடைசி வாரம் முழுக்க சுத்தம் பண்ற வேலை. எடுத்து வச்சுட்டு முடிக்காத இஷ்யூ இருந்தா "என்னால தொடர முடியல, இதுவரைக்கும் கண்டுபிடிச்சது இது"ன்னு எழுதிட்டு விடுவிக்கணும். பாதில நிக்கிற பிஆரை தொடரப் போறியா இல்லையான்னு நேர்மையா முடிவு பண்ணி, இல்லைன்னா நீயே மூடணும், பிரான்ச்சை அழிக்காம விட்டு வைக்கணும், அடுத்து எடுக்கிறவனுக்கு உதவும். எங்க கிளாஸ்லருந்து போன எல்லா லிங்க்கும் ஒரு ஷீட்ல இருக்கும், அதுல கேட்பாரில்லாம ஒண்ணு கூட தொங்கலைன்னு பாத்த பிறகுதான் மார்க்கை போர்ட்டல்ல ஏத்துவேன்.